கிளாரினெட்டுக்குக் காவல்

கப்பல் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் என் அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவனும், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியனும், தற்சமயம் உன் வாத்தியத்துக்குக் காவலனுமாகிய நான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். மாடியில் குடியிருக்கும், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரும் நலமாகத்தான் தெரிகிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. உன் உடம்பு, பசி, தூக்கம், கடல் மயக்கம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அடுத்த துறைமுகத்திலிருந்து எழுது. நடுக்கடலில் கைபேசி எடுக்காது என்று நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் நம்புவது என் வழக்கம்.

நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு மழை நாளில், வகுப்பறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. நான் தோளால் முட்டிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த மரம் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே, இன்னும் ஏன் சார் தண்ணி குடிக்குது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி வருவதற்காகத்தான் ஆசிரியர்கள் சம்பளம் வாங்குகிறோம். அறுத்து, இழைத்து, வண்ணம் அடித்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காற்று காய்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும் என்று அந்தக் கதவை வைத்தே அன்றைய பாடத்தை நடத்தினேன். நீ உன் புது மரக் கிளாரினெட்டை என் கையில் கொடுத்தபோது அந்தக் கேள்விதான் மனதில் வந்து நின்றது. கதவு உப்பினால் தோளால் முட்டலாம். கிளாரினெட்டை முட்ட முடியாது. அதன் உள்ளே ஊதுபவரின் மூச்சுச் சூடும் ஈரமும், வெளியே அறையின் குளிரும் வறட்சியும். உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் விட மாட்டேன் என்னும். ஒரே போர்வையை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் கிழிவது போர்வைதானே? சில்லென்றிருக்கும் கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உனக்கு அந்த விளக்கமும் வேண்டாம். போன குளிர்காலத்தில், நாடக அரங்கத்தின் நிரந்தர வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுத்த அன்று, நீ வெளித் தாழ்வாரத்தில் குளிரில் காத்திருந்தாய். கூப்பிட்டதும் ஓடிப்போய், வாத்தியத்தைக் கையில் வைத்துச் சூடாக்காமல், எடுத்த எடுப்பில் ஊதினாய். பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம். உன் பழைய கிளாரினெட்டின் மேல் துண்டு ஒரு துவாரத்திலிருந்து அடுத்த துவாரம்வரை வெடித்துவிட்டது. தேர்வாளர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு சத்தம்தான். இடம் போயிற்று. நீ கப்பலை விட்டு இறங்கிய மறுவாரம் அடுத்த தேர்வு. அதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இந்தப் புது வாத்தியம் விரிசல் விழாமல் உன் கைக்கு வந்தால் ஆயுளுக்கும் அரங்கம். விழுந்தால் ஆயுளுக்கும் கப்பல். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் நான் இந்த வீட்டில் யாரையும் நம்பாமல் இருந்தேன்.

நீ கிளம்பிய அன்று என்னைத் தனியாகத் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "மாமா, புது மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். தினம் பத்து நிமிஷம் ஊதினா போதும். அதுக்கு மேல போனா உள்ள ஈரம் ஏறி வெடிச்சிடும். ஊதாமலே வச்சிருந்தாலும் நான் வந்து ஊதற அன்னிக்கு வெடிச்சிடும். கப்பலுக்கும் எடுத்துட்டுப் போக முடியாது, உப்புக் காத்தும் வெயிலும் ஆகாது. உங்களை மட்டும்தான் நம்பியிருக்கேன்."

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"அக்காவா! ஒரு மாசத்துக்கு ஊத வேண்டியதை ஒரே நாள்ல ஊதிட்டு வேலை முடிஞ்சுதுன்னு பாத்திரம் கழுவப் போயிடுவா. அவளுக்குத் தெரியவே கூடாது மாமா."

எனக்குப் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். விரல் எதையும் எங்கேயும் வைக்காமல் ஊதினால் வருகிற ஒரே ஒரு சுரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தாய். ஊதுவதற்கு முன் கையிடுக்கில் வைத்துச் சூடாக்குவது, ஊதியபின் நூலில் கட்டிய துணியை உள்ளே விட்டு இழுத்து ஈரத்தைத் துடைப்பது, கூடத்தில் வெயில் படாத மூலையில் வைப்பது, பெட்டிக்குள் ஓட்டை போட்ட சிறு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைப்பது, எப்போதாவது உள்குழலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாய். ஒன்றும் பிசகவில்லை. உன் அக்கா மாலையில் அடுத்த தெருவுக்கு நடக்கப் போகும் நேரம் பார்த்து நான் என் சுரத்தை ஊதினேன். ஒரு வாரம் போனதும் எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க வீட்ல கப்பல் தினமும் மூணு வேளை சங்கு ஊதிக் கிளம்புதே, போய்ச் சேரவே சேராதா?" என்று கேட்டார். நையாண்டி செய்கிறார், அதையும் மூன்று மடங்காக்கிச் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். பிள்ளைகள் கிண்டலாகச் சொல்வதில்தான் உண்மை இருக்கும் என்று வாழ்நாள் முழுதும் வகுப்பில் கண்டவன், தையல்காரர் சொன்னபோது மறந்துபோனேன்.

நான் சந்தேகப் பிராணி அல்ல. உன் அக்காவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். ஆனால், யோசித்துப் பார். ஒருநாள் பெட்டியைத் திறக்கிறேன், நான் வைத்த ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தோல் ஒரு துண்டு. நான் வைக்கவில்லை. உன் அக்காவிடம், பேச்சுவாக்கில் கேட்பது போல, "நம்ம வீட்ல ஆரஞ்சு வாங்கினோமா?" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆரஞ்சா? யாரு திங்கறா இங்க?" என்றாள். வாங்கினோமா என்று கேட்டால் வாங்கினோம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். கேள்விக்குக் கேள்வியையே பதிலாக எழுதுகிற மாணவன் பக்கத்து விடைத்தாளைப் பார்த்தவன் என்பது என் அனுபவம். குப்பைக்கூடையைக் கிளறினேன். உள்ளே ஆரஞ்சுத் தோல் கிடந்தது. பெட்டியில் இருந்ததையும் சேர்த்தால் ஒரு பழத்துக்குக் கணக்குச் சரியாக வந்தது. பிறகு ஒருநாள் வாய்முனையை உதட்டில் வைத்தால் பெப்பர்மின்ட் மிட்டாய் ருசி. எனக்குச் சர்க்கரை, உன் அக்காவுக்கு மிட்டாய் பிடிக்காது. பெப்பர்மின்ட் மென்றபடியே படியேறுகிறவர் இந்தக் கட்டிடத்தில் ஒருவர்தான். இன்னொரு நாள் நான் ஊதுவதற்கு முன்பே துடைக்கும் துணி ஈரமாக இருந்தது. ஊதாத வாத்தியம் எப்படி நனையும்? பரீட்சை எழுதாத பையன் விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மாடிக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் பலமாக விழுந்தது ஒரு குளிர்ந்த காலையில். அவர் கடைக்குக் கிளம்பி இறங்கி வந்தவர், படியிலேயே நின்று, "சார், இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி. கையில வச்சு நல்லா சூடு பண்ணிட்டுத்தானே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"எதை?" என்றேன்.

"டீ டம்ளரை சார்."

"டீ டம்ளரை நான் எதுக்குச் சூடு பண்றேன்? டீதானே சூடா இருக்கும்?"

"அதான் சார், அதைத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்க வேண்டியவர் மேலே ஏறிப் போனார். கடைக்கு அன்று தாமதமாகத்தான் போயிருப்பார். போகிற போக்கில், மூக்குப் பிடி தளர்ந்திருந்த என் மூக்குக்கண்ணாடியை, "கொடுங்க சார், கடையில சரி பண்ணித் தரேன்" என்று வாங்கிக்கொண்டும் போனார். காசு வாங்காமல் உதவி செய்கிறாரே என்று அப்போது நினைத்தேன். என் கண்ணை மறைக்கப் போட்ட திட்டமாக இருக்குமோ என்று சாயங்காலம் நினைத்தேன்.

அதற்கடுத்தாற்போல் உன் அக்கா மாட்டினாள். ஒரு மாலை நான் ஊதி முடித்து, துண்டுகளைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. மேல் துண்டும் கீழ்த் துண்டும் அந்த வகுப்பறைக் கதவைப் போல இறுகிக்கொண்டன. மரம் அளவுக்கு மேல் ஈரம் குடித்திருக்கிறது. நான் கொடுத்ததோ ஒரு வேளைத் தண்ணீர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கிறேன், நடக்கப் போனவள் சீக்கிரமே திரும்பி வந்து வாசலில் நின்றபடி, "இழுக்காதீங்க, உடைஞ்சிடும். மெதுவா இப்படியும் அப்படியும் திருகுங்க" என்கிறாள். திருகினேன். வந்துவிட்டது. அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். இந்த வாத்தியத்தை நான் ஊதுகிறேன் என்பதே அவளுக்குத் தெரியக் கூடாது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்காமல், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்றால்? மனைவியைச் சந்தேகப்படுவது தவறு. மனைவி சொன்னபடி செய்து அது பலித்த பிறகும் சந்தேகப்படாமல் இருப்பது அதைவிடத் தவறு.

ஆகவே பொறி வைத்தேன். முதலில், மேசை மேல் பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். யாராவது எடுத்து வைத்தால் கோடு தப்பும். மறுநாள் கோடே இல்லை. மேசை பளபளவென்று துடைத்திருந்தது. தடயத்தை அழித்தாளா, தூசி தட்டினாளா என்பதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. பிறகு நுட்பமாக யோசித்து, என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். என் கையிருப்பு உனக்குத் தெரியும். அந்த நிலையில் இது எவ்வளவு பெரிய தியாகம் என்பதும் புரியும். அதைப் பெட்டி மூடியின் இடுக்கில் குறுக்காக எச்சில் தொட்டு ஒட்டினேன். திறந்தால் முடி விழும். விழுந்தால் ஆள் வந்தது உறுதி.

மறுநாள் காலை நான் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் முடி இல்லை. எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் மனிதனுக்கு வருகிற அந்த அல்ப சந்தோஷம். பெட்டியைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாததால் எனக்கு எல்லாம் கறுப்பாக, மங்கலாகத் தெரிந்தது. பின்னாலேயே வந்த உன் அக்கா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போட்ட சத்தத்தில் நான் மூடியை விரலில் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, இது என்னங்க கோடு?"

"எங்க?"

"மேல் துண்டுல! அந்த ஓட்டையிலிருந்து இப்படிக் கீழ வருது பாருங்க! அன்னிக்கு அவனோடது வெடிச்ச அதே இடங்க!"

கறுப்பு மரத்தில் வெள்ளையாக, வளைந்து, ஒரு கோடு. விரலால் தடவினேன், எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றும் புரியவில்லை. துணியால் துடைத்தேன், போகவில்லை. விரிசல் துடைத்தால் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் துடைத்தேன். உன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்து நாளாகிறது. "நான்தான் கெடுத்தேன். நான்தாங்க. அன்னிக்கு அந்தக் குளிர்ல உடைஞ்ச குழலைத் துண்டுல சுத்திக் குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னான். சாப்பிடறியான்னு கேட்டா, பசி இல்லக்கான்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது" என்றாள்.

அவள் எதைக் கெடுத்தாள் என்று நான் கேட்பதற்குள் மாடிப்படி தடதடத்தது. கண்ணாடிக்காரர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார். "அம்மா, நீங்க அழாதீங்க. தப்பு என்னுது. நேத்து நான் அஞ்சு நிமிஷம் கூடுதலா ஊதிட்டேன். சுரம் நல்லா வந்துதுன்னு ஆசையில விட்டுட்டேன்" என்றார்.

"நீங்க எதுக்குய்யா ஊதினீங்க?" என்றேன்.

"தம்பி சொல்லிட்டுப் போனார் சார். 'கீழ ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சா உலகத்தையே மறந்துடுவாங்க, உங்களை மட்டும்தான் நம்பறேன்'னார். அவசரத்துக்குன்னு நீங்க குடுத்து வச்ச சாவி என்கிட்ட இருக்கே. நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போற நேரமாப் பார்த்து..."

"என்னை மட்டும்தான் நம்பறேன்னான்!" என்று உன் அக்கா தரையிலிருந்து நிமிர்ந்தாள். "மாமா மறதிக்காரர், ஆனா சொன்னா மனசு நொந்துடுவார், அவருக்குத் தெரியாம நீ ஊதிடுக்கான்னான். இவரு பேப்பர் வாங்கப் போற நேரத்துல தினமும் ஊதறேன். ஈரம் காயாம இருக்க ஆரஞ்சுத் தோல் போடச் சொன்னதும் அவன்தான்!"

"எனக்கு ஈரத் துணி சொன்னார்" என்றார் கண்ணாடிக்காரர். "வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெயும்."

"எண்ணெய் நான் போடறேனே" என்றாள் உன் அக்கா.

"எண்ணெய் நான்தான் போடறேன்" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். உன் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் நிதானமான குரலில், "வரட்டும் அவன்" என்றாள். அந்தக் குரலை நீ சின்ன வயதிலேயே கேட்டிருப்பாய். நானும் கேட்டிருக்கிறேன். கப்பலில் இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்று விசாரித்து வைத்துக்கொள்.

கண்ணாடிக்காரர் மேலே ஓடிப்போய்த் தொழிலுக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். உன் அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மேல் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"இது ஒரு முனையில மட்டும் கொஞ்சம் குண்டா இருக்கு."

"ஆரம்பிச்ச இடம் கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும்மா" என்றார் அவர் சோகமாக.

"இல்லைங்க. இதுக்கு வேர் இருக்கு."

இருவரும் மெல்லத் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். உன் அக்காவின் கூந்தல் நீளம். கண்ணாடிக்காரர் சாயம் பூசுகிறவர். விசாரணைக்கு வேறு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் நகத்தால் கிள்ளி எடுத்தாள். விரிசல் எழுந்து கையோடு வந்துவிட்டது. மூன்று பேர் போட்ட எண்ணெயில் முடி அப்படி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"பெட்டிக்குள்ள இது எப்படிங்க போச்சு?"

சொன்னேன். வேறு வழி? உன் அக்கா என்னையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "காவலுக்கு முடியை வச்சீங்களா? இருக்கறதே பத்துப் பன்னிரண்டு, அதுலயும் ஒண்ணை வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பிச்சீங்களா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுத கண்ணோடு அவள் சிரித்ததைப் பார்த்துக் கண்ணாடிக்காரரும் சிரித்தார். அவருடைய நுரை சட்டையில் வழிந்தது. நானும் சிரித்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக. என் முடி உள்ளே விழாமல் இருந்திருந்தால் உன் சூழ்ச்சி வெளியே வந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "நீதான் லீடர், வெளியே சொல்லாதே" என்று சொல்லிப் பார். அரை மணியில் பேசியவர்கள் என்று கரும்பலகையில் வகுப்பு முழுவதின் பெயரும் இருக்கும். ஒரு நோயாளிக்கு மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் அவன் நிலைமை என்ன? உன் கிளாரினெட்டுக்கு நீ அதைத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறாய். நாளுக்குப் பத்து நிமிடம் பழக வேண்டிய புது மரம் முப்பது நிமிடம் பழகியிருக்கிறது. ஸ்பாஞ்சு, ஆரஞ்சுத் தோல், ஈரத் துணி என்று பெட்டிக்குள் மூன்று மழைக்காலம் ஒன்றாக வந்திருக்கிறது. எண்ணெய் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். அதைக் கையில் பிடித்தால் மீன் மாதிரி நழுவியது. நீ ஆட்களை நம்பாமல் மூன்று காவல் போட்டாய். மூன்று காவலும் சேர்ந்துதான் அந்த வாத்தியத்தை வெடிக்கும் அளவுக்குக் கொண்டுபோயிருந்தோம். சந்தேகம் எவ்வளவு பெரிய நோய் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு என் பணிக்காலத்தில் கிடைக்கவில்லை.

பயப்படாதே. வாத்தியம் நலம். அன்றே தோலையும் துணியையும் எடுத்துப் போட்டோம். மிகுந்த எண்ணெயைத் துடைத்தோம். ஊதாமல், வெயில் காட்டாமல், கணப்புக்கும் விசிறிக்கும் தள்ளி, துண்டு துண்டாகக் கழற்றி நிழலில் ஆற வைத்தோம். அவசரமாகக் காய வைப்பதும் அவசரமாக நனைப்பதைப் போலவே கெடுதல். துண்டுகள் இப்போது இழுக்காமலே இணைகின்றன, பிரிகின்றன. வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஊதுவது உன் அக்கா ஒருத்திதான். நான் இன்றுவரை ஒரு சுரத்திலேயே நிற்க, அவள் சிறு மெட்டு ஒன்றையே வாசித்துக் காட்டினாள். பாத்திரம் கழுவ ஓடவும் இல்லை. எண்ணெய் கண்ணாடிக்காரர் பொறுப்பு. ஸ்பாஞ்சும், அறையின் சூடும் குளிரும் என் பொறுப்பு. பெட்டி பூட்டில்லாமல் கூடத்து மேசையில் எல்லோர் கண்ணெதிரே இருக்கிறது. திறப்பவர் "திறக்கிறேன்" என்றும் மூடுபவர் "மூடிட்டேன்" என்றும் வீடு முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது ஒரே சட்டம். நேற்று தையல்காரர் தலையை நீட்டி, "என்ன சார், கப்பல்ல மாலுமிங்களும் ஏறிட்டாங்களா?" என்று கேட்டார். இந்த வீட்டில் இனி ஒளிவு இல்லை, மறைவு இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகமும் இல்லை. மனம் லேசாக இருக்கிறது.

நீ தைரியமாக கப்பலுக்கென்று நீ வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிளாரினெட்டை அங்கே வாசித்துக்கொண்டிரு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் மூச்சு நீளமாக இருக்கட்டும், உன் விரல்கள் தடுமாறாதிருக்கட்டும், தேர்வாளர்கள் இந்த முறை உன் இசையை மட்டும் கேட்கட்டும். உன் அக்கா ஆசி சொல்கிறாள். கூடவே "வரட்டும் அவன்" என்றும் சொல்கிறாள். இரண்டையும் அவள் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கண்ணாடிக்காரர் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
மாமா

பின்குறிப்பு: நான் எழுதுவதை உன் அக்கா எதிரே உட்கார்ந்து வரிக்கு வரி படித்துக்கொண்டிருந்தாள். அதனால் மேலே உள்ளபடி எழுத வேண்டியதாயிற்று. இப்போது காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். சீக்கிரம் சொல்கிறேன். நான் யாரையும் நம்பவில்லை. நீ இறங்கும் அன்று, இவர்கள் யாருக்கும் தெரியாமல், பெட்டியோடு நானே துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன். விடியற்காலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. வாத்தியத்தை இவர்கள் கையில் விட்டு வைக்க எனக்கு மனமில்லை. இவர்கள் போக்கு சரியில்லை. உன் அக்கா பரணிலிருந்து சிறிய பயணப் பையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். எங்கே போகிறாய் என்றால், "எங்க போறேன், பை அழுக்கா இருந்துது" என்கிறாள். கண்ணாடிக்காரர் அதே நாளுக்குக் கடையில் விடுப்பு கேட்டிருப்பதாகத் தையல்காரர் சொல்கிறார். ஏதோ நடக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. எப்படியும் நான் முந்திவிடுவேன். முந்தாவிட்டால், யார் கையிலிருந்து பெட்டியை வாங்கினாலும், யாருக்கும் நன்றி சொல்லிவிடாதே, மற்ற இரண்டு பேருக்குச் சந்தேகம் வரும். அங்கேயே, கரையில் நின்றே, மேல் துண்டின் முனையிலிருக்கும் உலோக வளையத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகு. அது சுற்றினால் மரம் வறண்டு சுருங்கியிருக்கிறது, ஊதாதே. அசையாமல் இருந்தால் மரம் நலம், தேர்வுக்குப் போ. படியில் ஏதோ சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். வளையத்தைத் திருகிப் பார்.